சாங்கி முதல் ஜேஎஃப்கே வரை: 15,349 கிலோமீட்டரும் இரண்டு தடவை வந்த புதனும்

செவ்வாய் மாலை, சாங்கி

இன்று நள்ளிரவுக்குச் சற்று முன் சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்திலிருந்து நியூயார்க்கின் ஜேஎஃப்கே விமான நிலையத்துக்குக் கிளம்புகிறேன். நடுவில் எங்கும் இறங்காத விமானம். போவது வேலை விஷயமாக, அதில் எழுதுவதற்கு ஒன்றுமில்லை. எழுதத் தோன்றுவது பயணத்தைப் பற்றித்தான். பயணிகளை ஏற்றிக்கொண்டு தினசரி பறக்கும் தடங்களில் உலகிலேயே நீளமானது இது.

டிக்கெட் கைக்கு வந்ததும் எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். இரண்டு விமான நிலையங்களின் மூன்றெழுத்துக் குறியீடுகளைத் தட்டினால் தூரம் சொல்லும் கணிப்பான்கள் இருக்கின்றன அல்லவா, அவற்றில் போட்டுப் பார்த்தேன். தூரத்தில் எல்லாமே ஒரே குரல்: 15,349 கிலோமீட்டர். மைலில் 9,537. விமானிகள் பேசும் கடல் மைலில் 8,288. நேரத்தைக் கேட்டால்தான் ஆளுக்கொரு பதில். ஒன்று 17 மணி நேரம் என்கிறது, இன்னொன்று 19 தாண்டும் என்கிறது. காரணம் எளிது. மணிக்கு 900 கிலோமீட்டர் என்று வைத்து வகுத்தால் 17 வரும், 800 என்று வைத்தால் 19 சொச்சம் வரும். அவை செய்வது வெறும் வகுத்தல். காற்று, போகும் பாதை, புறப்பட ஓடுபாதையில் காத்துக் கிடப்பது எதுவும் கணக்கில் கிடையாது. போகும்போதும் வரும்போதும் ஒரே நேரம் என்று கூசாமல் சொல்கின்றன. விமான அட்டவணையில் போட்டிருப்பது 18 மணி 40 நிமிடத்தை ஒட்டிய நேரம்.

அந்த 15,349 எங்கிருந்து வருகிறது என்று தெரிய ஒரு பூகோள உருண்டையும் நூலும் போதும். நூலின் ஒரு முனையைச் சிங்கப்பூரிலும் மறுமுனையை நியூயார்க்கிலும் பிடித்து இறுக்கினால், அது பசிபிக் பக்கமும் போகாது, ஐரோப்பா பக்கமும் போகாது. நேரே வடக்கே ஏறும். தாய்லாந்து, லாவோஸ், சீனா, மங்கோலியா, பைக்கால் ஏரிக்கு அருகே சைபீரியா, அதன்பின் வடதுருவத்தை 300 கிலோமீட்டருக்குள் தொட்டாற்போலத் தாண்டி, கனடாவின் பனித்தீவுகள், கியூபெக், நியூயார்க். இதைத்தான் பெருவட்டப் பாதை என்கிறார்கள்.

இந்த இரண்டு ஊர்களுக்கும் அப்படி அமைந்ததற்குக் காரணம் தீர்க்கரேகைகள். சிங்கப்பூர் கிழக்கே 104 பாகை, நியூயார்க் மேற்கே 74 பாகை. கூட்டினால் 178. இன்னும் இரண்டு பாகை இருந்தால் சரிபாதி, உருண்டையின் நேர் எதிர்ப்பக்கம். எதிரெதிர்த் தீர்க்கரேகைகளில் இருக்கும் இரு ஊர்களும் பூமத்திய ரேகைக்கு வடக்கே இருந்தால் குறுக்குவழி துருவத்தின் வழியாகத்தான் போகும்.

சிங்கப்பூருக்குக் காலடியில் நேர் கீழே துளைத்தால் ஈக்குவடாரின் அமேசான் காட்டில் வெளியே வரலாம். அப்படிப்பட்ட நேரெதிர்ப் புள்ளிக்குப் போனாலும் தூரம் சுமார் 20,000 கிலோமீட்டர்தான். பூமியில் அதைவிடத் தொலைவு என்று ஓர் இடம் கிடையாது. அதில் முக்கால் பங்கை இன்று இரவு ஒரே மூச்சில் தாண்டப் போகிறோம்.

போர்டிங் தொடங்க இன்னும் நேரம் இருக்கிறது. கேட்டில் உட்கார்ந்து எதிரே நிற்கும் விமானத்தைப் பார்த்தால், பெட்டிகள் ஏறி முடிந்தும் எரிபொருள் ஏறி முடியவில்லை.

புதன், முதல் தடவை. பசிபிக்கின் மேல்

விமானம் ஏர்பஸ் ஏ350-900, அதிலும் நெடுந்தூரத்துக்கென்றே மாற்றிய வகை. பெயருக்குப் பின்னால் யுஎல்ஆர் என்று சேர்த்துக்கொள்கிறார்கள், 'மிக நெடுந்தூரம்' என்பதன் ஆங்கிலச் சுருக்கம். சிங்கப்பூர் ஏர்லைன்ஸிடம் இதில் ஏழு இருக்கின்றன. முழுக்க நிரப்பினால் 1,65,000 லிட்டர் எரிபொருள் பிடிக்கும், எடையில் கிட்டத்தட்ட 130 டன். எல்லாம் சேர்த்து 280 டன்னோடு ஓடுபாதையை விட்டு எழும்பலாம் என்பது உச்சவரம்பு. அப்படியானால் கிளம்பும்போது இருக்கும் எடையில் பாதிக்குச் சற்றுக் குறைவானது எரிபொருளே.

மனிதர்களுக்கு இடம் குறைவு. இதே நிறுவனம் இதே ஏ350-900இன் வழக்கமான நெடுந்தூர வகையில் 253 பேரை ஏற்றுகிறது, இதில் 161 பேர்தான். பிசினஸ் 67, பிரீமியம் எகானமி 94. சாதாரண எகானமி கிடையவே கிடையாது. 19 மணி நேரம் ஒடுங்கிய இருக்கையில் உட்காரவைக்கப் பாவப்பட்டுச் செய்த ஏற்பாடு என்று நினைக்க வேண்டாம். தூரம் கூடக்கூட எரிபொருளைச் சுமக்கவே எரிபொருள் எரிகிறது. முதல் சில மணி நேரத்தில் எரிவதில் ஒரு பங்கு, கடைசி மணி நேரத்துக்கான எரிபொருளைத் தூக்கிக்கொண்டு போவதற்கு. அதனால் தலைகளைக் குறைத்து, ஒவ்வொரு தலைக்கும் கட்டணத்தைக் கூட்டுகிறார்கள்.

இந்த ஊர்களுக்கு இடையே நிற்காத விமானம் புதிதல்ல. 2004இலேயே நான்கு இன்ஜின் ஏ340-500இல் நியூயார்க்கை ஒட்டிய நியூவார்க் விமான நிலையத்துக்குத் தொடங்கினார்கள். நான்கு இன்ஜின் குடித்த எண்ணெய்ச் செலவு தாங்காமல் 2013இல் நிறுத்தினார்கள். இரண்டு இன்ஜின் ஏ350 வந்த பிறகு 2018 அக்டோபரில் நியூவார்க் தடம் மறுபடி உயிர்பெற்றது. ஜேஎஃப்கேவுக்கு 2020 நவம்பரில், பெருந்தொற்றின் நடுவில், தொடங்கினார்கள்.

நள்ளிரவுக்கு ஐந்து நிமிடம் முன்பு நகர்ந்தோம். பக்கத்து இருக்கையில் ஒரு பெரியவர், சிங்கப்பூர்த் தமிழர், மகளைப் பார்க்கப் போகிறார். பெல்ட்டை மாட்டியதும் முதல் கேள்வி.

"தம்பி, நாம போய் இறங்குறது நாளைக்கா, நாளன்னைக்கா?"

"நாளைக்குக் காலையிலதான் ஐயா. ஆறரை மணி வாக்குல."

"இப்ப பன்னெண்டு. ஆறரைக்கு இறங்கினா ஆறரை மணி நேரம்தானே ஆகுது? மகள் பதினெட்டு மணி நேரம்னு பயமுறுத்துச்சே!"

கடிகாரத்தை மட்டும் பார்த்தால் அவர் சொல்வது சரி. சிங்கப்பூருக்கும் நியூயார்க்குக்கும் இப்போது, அக்டோபரில், சரியாக 12 மணி நேர வித்தியாசம். நவம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை அமெரிக்காவில் கோடைக்கால நேரம் முடிந்ததும் அது 13 ஆகும், மார்ச் இரண்டாம் ஞாயிறு மறுபடி 12க்கு வரும். பதினெட்டரை மணி நேரம் பறந்து பன்னிரண்டைக் கழித்தால் ஆறரை. முள் கடிகாரம் கட்டியவர்களுக்கு இந்த மாதங்களில் ஒரு வசதி, இறங்கியபின் முள்ளைத் தொடவே வேண்டாம். காலை மட்டும் இரவாகவும் இரவு காலையாகவும் மாறியிருக்கும். பெரியவர் கட்டியிருந்தது முள் கடிகாரம்தான். சொன்னதும் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

இருக்கைத் திரையில் வரைபடத்தை வைத்தேன். நூல் காட்டிய வழியில் போகவில்லை. வடகிழக்கே திரும்பி, தென்சீனக் கடல், தைவானுக்குக் கிழக்கே, ஜப்பானை ஒட்டி என்று கோடு போனது. வடக்கே போகாததற்கு ஒரு காரணம் அரசியல், 2022க்குப் பிறகு பல நிறுவனங்கள் ரஷ்யாவின் வான்வெளியைத் தவிர்க்கின்றன. துருவத்துக்கென்று தனித் தொல்லைகளும் உண்டு. விமான எரிபொருளான ஜெட் ஏ-1 மைனஸ் 47 பாகையில் உறையத் தொடங்கும், துருவக் காற்று அதைவிடக் குளிரலாம். அவசரத்துக்கு இறங்கத் தோதான விமான நிலையங்களும் அங்கே அரிது. ஆனால் ரஷ்யா வழியைத் திறந்துவிட்டாலும் இந்தத் திசையில் போகும்போது விமானிகள் பசிபிக்கைத்தான் விரும்புவார்கள் என்று நினைக்கிறேன். அங்கேதான் காற்று இருக்கிறது.

ஜெட் ஸ்ட்ரீம் என்பது 9 முதல் 12 கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே ஓடும் காற்றாறு. வெப்பமண்டலச் சூடும் துருவக் குளிரும் முட்டிக்கொள்ளும் எல்லையில், பூமியின் சுழற்சி திருப்பிவிடுவதால் பிறப்பது. ஜப்பானின் மேலே குளிர்காலத்தில் மணிக்கு 300 கிலோமீட்டரைத் தாண்டும். இதை ஒழுங்காக அளந்து எழுதிவைத்தவர் ஜப்பானிய வானிலை அறிஞர் வாசபுரோ ஓயிஷி. 1920களில் பலூன்களைப் பறக்கவிட்டுக் கவனித்தார். உலகம் முழுக்கப் படிக்கட்டும் என்று அறிக்கையை எஸ்பெராண்டோ என்ற, எல்லா நாட்டவருக்கும் பொதுவாக இருக்க உருவாக்கிய மொழியில் எழுதினார், உலகம் முழுக்க யாரும் படிக்கவில்லை. 1944இல் அமெரிக்காவின் பி-29 குண்டுவீச்சு விமானங்கள் ஜப்பானின் மேல் வந்து அந்தக் காற்றில் மாட்டித் திணறியபோதுதான் மற்றவர்களுக்கு உறைத்தது. ஜப்பானியர்கள் அதே காற்றில் ஆயிரக்கணக்கான நெருப்புப் பலூன்களை அமெரிக்காவை நோக்கி மிதக்கவிட்டார்கள். சில நூறு போய்ச் சேரவும் செய்தன.

ஜப்பானுக்குக் கிழக்கே போனதும் திரையில் வேகம் மணிக்கு 1,050 என்று காட்டியது. விமானம் காற்றைக் கிழித்துப் போகும் வேகம் மாறவே இல்லை, அது ஒலியின் வேகத்தில் 0.85 பங்கு, அந்தக் குளிரில் 900 கிலோமீட்டர் சொச்சம். மீதி 150 காற்று கொடுத்த இலவசம். தரைக்கு மேலான வேகம் வேறு, காற்றுக்குள்ளான வேகம் வேறு. ஓடும் ரயிலுக்குள் ஒருவர் இன்ஜினை நோக்கி நடப்பது போலத்தான், நடப்பவர் அவசரப்படவில்லை, ஆனாலும் தண்டவாளத்தோரம் நிற்பவருக்கு வேகமாகத் தெரிவார். டோக்கியோவைத் தொட்டுப் போனால் மொத்தம் சுமார் 16,200 கிலோமீட்டர், குறுக்குவழியைவிட 850 கூடுதல். அந்தக் கூடுதல் தூரத்துக்கு ஆகும் நேரத்தைக் காற்று திருப்பிக் கொடுத்துவிடுகிறது, பல நாள் மிச்சமும் வைக்கிறது.

உயரமும் ஒரேயடியாக ஏறுவதில்லை. கிளம்பியதும் 33,000 அடியில் சமதளமாகப் போய்க்கொண்டிருந்தோம். பாரம் அதற்குமேல் விடவில்லை. எண்ணெய் எரிந்து எடை குறையக் குறைய 35,000, 37,000 என்று படிப்படியாக ஏறுகிறது. கேபினுக்குள் காற்றழுத்தம் மட்டும் 6,000 அடி மலையில் இருப்பது போல வைத்திருக்கிறார்கள். பழைய அலுமினிய விமானங்களில் 8,000 அடி அழுத்தம் சகஜம். கார்பன் இழை உடம்பு என்பதால் இந்த விமானம் கூடுதல் அழுத்தத்தைத் தாங்குகிறது. தலைவலி இல்லாமல் இதை எழுதிக்கொண்டிருப்பதற்கு அந்த 2,000 அடிக்கும் பங்கு உண்டு என்று நம்புகிறேன்.

கிளம்பி ஐந்து மணி நேரம் ஆகும் முன்பே, ஜப்பான் பக்கம், விடிந்துவிட்டது. பெரும்பாலோர் ஜன்னலை மூடித் தூங்குகிறார்கள். நான் கொஞ்சம் திறந்து பார்த்தேன். கீழே மேகத்தைத் தவிர ஒன்றுமில்லை.

செவ்வாய், மறுபடியும்

தலைப்பு சரிதான். கிளம்பி ஒன்பது மணி நேரம் ஆனபோது 180 பாகைத் தீர்க்கரேகையைத் தாண்டினோம். சர்வதேசத் தேதிக் கோடு. புதன் காலையைப் பார்த்தவர்கள், மறுபடி செவ்வாய் மதியத்துக்குள் நுழைந்தோம். பெரியவர் தூக்கம் கலைந்து கேட்டார்.

"இப்ப என்ன கிழமை தம்பி?"

"செவ்வாய்ங்க ஐயா."

"புதன் விடிஞ்சுச்சுன்னு சொன்னீங்களே?"

"அது விடிஞ்சுச்சு. இன்னொரு தடவை விடியும்."

கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப செவ்வாய்க்கிழமை விரதம் இருக்கிறவங்க பாடு திண்டாட்டம்தான்" என்று சொல்லிவிட்டு மறுபடி கண்ணை மூடிக்கொண்டார்.

பகல் ஆறரை மணி நேரம்தான் நீடித்தது. சூரியன் மேற்கே போகிறது, நாங்கள் கிழக்கே போகிறோம், ஒருவரையொருவர் கடந்து போவதால் பகல் சுருங்கிவிடுகிறது. அலாஸ்கா வளைகுடாவின் மேல் இருட்டியது. இரண்டு இரவும் நடுவில் ஒரு குட்டிப் பகலும். உடம்பு குழம்புவதற்கு மொத்த நேரத்தைவிட இந்த வெளிச்சக் கணக்குதான் காரணம்.

இந்த நீளத்துக்கு இரண்டு விமானிகள் போதாது. நான்கு பேர் முறைவைத்துப் பறக்கிறார்கள். ஓய்வெடுப்பவர்களுக்குப் பயணிகள் கண்ணில் படாத இடத்தில் படுக்கை உண்டு. நான் இரண்டு மணிக்கொரு தடவை எழுந்து கடைசி வரிசை வரை நடந்துவிட்டு வந்தேன். கால் வீங்காமல் இருக்க இதைவிட நல்ல வழி தெரியவில்லை. நிறையத் தண்ணீர் குடித்தால் எழுந்து நடக்கத் தனியாகக் காரணம் தேட வேண்டியதில்லை.

புதன் காலை, நியூயார்க்

விடியுமுன் இறங்கினோம். கடைசியாகப் பார்த்தபோது உயரம் 41,000 அடிவரை போயிருந்தது, அத்தனை எடை எரிந்து தீர்ந்திருக்கிறது.

சக்கரம் தரையைத் தொட்டபோது பறந்த நேரம் 18 மணிக்குச் சில நிமிடம் குறைவு. நுழைவாயிலில் போய் நின்றபோது 18 மணி 35 நிமிடம். இந்த இடைவெளியைப் பற்றிக் கணிப்பான்கள் வாயே திறப்பதில்லை. டிக்கெட்டில் அச்சிடும் பயண நேரம் என்பது ஒரு கேட்டிலிருந்து விமானம் நகர்வதில் தொடங்கி இன்னொரு கேட்டில் நிற்பதில் முடிகிறது. சாங்கியில் ஓடுபாதைக்கு ஊர்ந்தது, இங்கே ஓடுபாதையிலிருந்து ஊர்ந்தது, நடுவில் இன்னொரு விமானம் போகட்டும் என்று நின்றது எல்லாம் அதில் அடக்கம். நிறுவனங்கள் கொஞ்சம் தாராளமாகவே நேரத்தைப் போட்டு வைக்கின்றன. "பத்து நிமிடம் முன்னதாகவே வந்துவிட்டோம்" என்று கேப்டன் பெருமையாகச் சொல்வதில் பாதிப் புகழ் அட்டவணை எழுதியவருக்குப் போக வேண்டும்.

பெரியவரைக் குடிவரவு வரிசை வரை கொண்டுபோய் விட்டேன். கடிகாரத்தைக் காட்டி, "சரியாத்தான் காட்டுது தம்பி" என்றார்.

வியாழன், ஜேஎஃப்கேவுக்கே மறுபடி

வேலை ஒரு பக்கம் நடக்கிறது, அதை விடுங்கள். தூக்கம் மட்டும் பகலில் வருகிறது, ராத்திரி மூன்று மணிக்குத் தெளிவாக விழித்துக்கொள்கிறேன். 12 மணி நேர வித்தியாசத்தில் உடம்புக்குக் கிழக்கே சரிசெய்வதா மேற்கே சரிசெய்வதா என்றே தெரியாது.

மதியம் நேரம் கிடைத்தது. விமான நிலையத்திலேயே ஒரு கட்டடம் பார்க்க வேண்டியது என்று பல நாளாக நினைத்திருந்தேன். ஈரோ சாரினென் வடிவமைத்து 1962இல் திறந்த, டிடபிள்யூஏ என்ற பழைய அமெரிக்க விமான நிறுவனத்தின் முனையம், இறக்கை விரித்த பறவை மாதிரி கான்கிரீட் கூரை. இப்போது அது 2019இல் திறந்த ஓட்டலின் முகப்பு. வெளியே பழைய லாக்ஹீட் கான்ஸ்டலேஷன் விமானம் ஒன்றை நிறுத்திவைத்திருக்கிறார்கள், நான்கு சுழலிகள், மூன்று வால். அதன் பக்கத்தில் நின்றபோது 1948இல் திறந்த இந்த விமான நிலையத்தை அப்போது ஐடில்வைல்ட் என்றே அழைத்தார்கள் என்பது ஞாபகம் வந்தது. அதிபர் கென்னடி சுடப்பட்ட அடுத்த மாதமே, 1963 டிசம்பரில், அவர் பெயரை வைத்தார்கள்.

சுழலிக் காலத்தில் தூரத்தை வென்றவர்கள் பொறுமையில் நம்மைவிட மேல். இரண்டாம் உலகப் போரின்போது சிங்கப்பூர் ஜப்பானியர் கையில் விழுந்ததும், ஆஸ்திரேலியாவுக்கும் இங்கிலாந்துக்கும் இருந்த வான்வழி அறுந்தது. 1943 முதல் 1945 வரை குவாண்டாஸ் நிறுவனம் கேட்டலினா கடல்விமானங்களில் பெர்த்துக்கும் இலங்கையின் கொக்கலை ஏரிக்கும் இடையே நிற்காமல் பறந்தது. தூரம் இன்று நாம் அலட்சியமாகச் சொல்லும் 5,600 கிலோமீட்டர்தான். நேரம் 27 முதல் 33 மணி. எதிரி கேட்டுவிடக்கூடாது என்று வானொலி மௌனம், வழி தெரிய நட்சத்திரங்கள், பயணிகள் அதிகபட்சம் மூன்று பேர். ஒரே பயணத்தில் இரண்டு சூரிய உதயம் பார்த்ததற்குச் சான்றிதழ்கூடக் கொடுத்தார்கள். நிற்காமல் வானில் இருந்த நேரத்தில் வழக்கமான பயணிகள் சேவை எதுவும் இன்றுவரை அதைத் தாண்டவில்லை.

காற்று எவ்வளவு தூரம் விளையாடும் என்பதற்கு இதே ஜேஎஃப்கேவில் ஓர் உதாரணம் உண்டு. 2020 பிப்ரவரியில் கியாரா புயல் அட்லாண்டிக்கில் வீசியபோது, பிரிட்டிஷ் ஏர்வேஸின் போயிங் 747 ஒன்று இங்கிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் போய்ச் சேர்ந்தது. தரைக்கு மேலான வேகம் மணிக்கு 1,327 கிலோமீட்டர் வரை தொட்டது. கடல் மட்டத்தில் ஒலியின் வேகத்தைவிட அதிகம், ஆனாலும் ஒலித்தடையை உடைக்கவில்லை, ஏனென்றால் காற்றே கூட ஓடி வந்தது. அதே இரவு எதிர்த்திசையில் வந்தவர்களை யாரும் செய்தியாக்கவில்லை. தலைக்கு நேரே வீசும் அந்தக் காற்றில் மணிக்கணக்கில் பறந்திருப்பார்கள்.

ஞாயிறு இரவு

பத்தரை மணிக்குக் கிளம்புகிறோம். திரையில் பாதையைப் பார்த்துவிட்டு ஒரு நிமிடம் சந்தோஷப்பட்டேன். வந்த வழியே திரும்பவில்லை. அட்லாண்டிக் பக்கம் போகிறது. மறுபடியும் கிழக்கே!

எதிரெதிர்ப் பக்கத்தில் இருக்கும் இரு ஊர்களுக்கு இடையில் மட்டும் கிடைக்கும் சலுகை இது. டோக்கியோ வழி 16,200 என்றால், பிராங்பர்ட் வழி சுமார் 16,450. எந்தப் பக்கம் சுற்றினாலும் ஏறக்குறைய ஒன்றுதான். போகும்போதும் கிழக்கே, வரும்போதும் கிழக்கே, இரண்டு தடவையும் காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு. பெர்த்துக்கும் லண்டனுக்கும் இடையே பறப்பவர்களுக்கு இது வாய்க்காது. அவர்களுக்கு ஒரு வழி சுகம் என்றால் மறுவழி வதை. எல்லா நாளும் இப்படித்தான் என்றில்லை, காற்று மாறினால் அல்லது வழியில் எங்காவது வான்வெளி மூடினால் திரும்பும் விமானம் பசிபிக் மேலேயும் போகும். கிளம்பச் சில மணி நேரம் முன்புதான் அன்றைய பாதையை முடிவு செய்கிறார்கள்.

பிராங்பர்ட்டில் இறங்கி எரிபொருள் நிரப்பிப் போகும் விமானத்தையும் இதே நிறுவனம் ஓட்டுகிறது. அதில் போனால் ஒரு முழு நாளை ஒட்டி ஆகிவிடும். சிலர் நடுவில் காலாற நடக்கக் கிடைக்கிறது என்று அதைத்தான் விரும்புகிறார்கள். எனக்கு இரண்டாவது தடவை பாதுகாப்புச் சோதனையில் நிற்பதை நினைத்தாலே அலுப்பு.

திங்கள், முழுக்க விமானத்துக்குள்

இந்தத் திங்கட்கிழமையை நான் தரையில் பார்க்கவே போவதில்லை. ஞாயிறு இரவு ஏறி, செவ்வாய் விடியற்காலை இறங்குகிறேன். போகும்போது கடிகாரம் ஆறரை மணி நேரம்தான் நகர்ந்தது, திரும்பும்போது முப்பது மணி நேரத்துக்கு மேல் நகரப் போகிறது. இரண்டையும் கூட்டிப் பாருங்கள், நான் வானில் இருந்த நிஜ நேரமே வரும். போகும்போது கழித்த பன்னிரண்டை வரும்போது கூட்டிவிட்டார்கள், அவ்வளவுதான்.

ஆனால் சூரியன் வேறு கணக்கு வைத்திருக்கிறது. கிழக்கே போய், மறுபடி கிழக்கே வந்து, பூமியை ஒரு முழுச் சுற்று சுற்றிவிட்டேன். சிங்கப்பூரிலேயே இருந்தவர்கள் இந்த நாட்களில் எத்தனை விடியலைப் பார்த்தார்களோ அதைவிட நான் ஒன்று கூடுதலாகப் பார்த்திருக்கிறேன். அந்தக் கூடுதல் ஒன்று, போகும்போது இரண்டு தடவை விடிந்த புதன். மேற்கே சுற்றியிருந்தால் ஒன்று குறைந்திருக்கும். தேதிக் கோடு என்று ஒன்றைக் கடலில் போட்டுவைத்திருப்பதே இந்தக் குளறுபடியை அடக்கத்தான்.

கிளம்பி நாலு மணி நேரத்தில், அட்லாண்டிக்கின் மேலேயே விடிந்தது. பகல் ஏழெட்டு மணி நேரம். காஸ்பியன் கடலைத் தாண்டியபின் இருட்டிவிட்டது. அங்கிருந்து கீழே போகப் போக ஜெட் ஸ்ட்ரீம் கைவிடுகிறது, அது வெப்பமண்டலத்துக்குள் நம்மோடு வருவதில்லை. வேகம் 900 பக்கம் வந்து நின்றுவிட்டது. வங்காள விரிகுடாவில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆட்டம், இடிமேகங்களைச் சுற்றிச் சுற்றிப் போனோம். குடித்துக்கொண்டிருந்த தேநீரைப் பணிப்பெண் வந்து வாங்கிக்கொண்டு போய்விட்டார், பாதியில்.

செவ்வாய் விடியற்காலை, சாங்கி

ஐந்தேகால் மணிக்குக் கேட்டில் நின்றது. ஞாயிறு இரவு கிளம்பிய நேரத்தோடு கணக்குப் பார்த்தால் 18 மணி 45 நிமிடம். வெளியே இன்னும் கும்மிருட்டு, சிங்கப்பூரில் ஏழு மணிக்குத்தான் விடியும். 104 பாகைத் தீர்க்கரேகைக்குச் சூரியன் சொல்லும் நேரத்தைவிடக் கடிகாரம் இங்கே ஒரு மணி நேரம் முன்னால் ஓடுகிறது. 1982 ஜனவரி 1 முதல் அப்படி வைத்துக்கொண்டார்கள். நீண்ட பயணம் முடித்து வருபவர்களுக்கு இதுவும் சேர்ந்து குழப்பும்.

இந்த விமானத்தில் போகலாமா, வேண்டாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: முதுகுவலி இல்லாதவர்கள் போகலாம். நடுவில் ஊர் மாறி விமானம் மாறிப் போனால் 22 முதல் 26 மணி நேரம் வரை சாதாரணமாக ஆகும், நடுவில் தவறவிட்டால் அதற்கும் மேல். கட்டணம் கூடுதல், இறங்க முடியாது, அவ்வளவுதான் பாதகம். இடைவழி இருக்கை எடுங்கள். காட்சி பார்க்க ஜன்னலோரம் கேட்டால், பாதி நேரம் இருட்டு, மீதி நேரம் மூடச் சொல்லிவிடுவார்கள். விமான நேரத்தை மட்டும் பார்த்து வெளியே வேலை வைத்துக்கொள்ளாதீர்கள். வீட்டுக் கதவிலிருந்து அங்கே தங்கும் கதவு வரை என்றால் ஒரு நாள் முழுசாகப் போய்விடும், குடிவரவு வரிசையும் நகரத்துக்குள் போகும் நெரிசலும் சேர்த்து.

இதைவிட நீளமானது வரப் போகிறது. குவாண்டாஸ் சிட்னியிலிருந்து லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் நிற்காமல் பறக்க ஏ350-1000 விமானங்களுக்குச் சொல்லி வைத்திருக்கிறது. லண்டனுக்குச் சுமார் 17,000 கிலோமீட்டர். 2019 அக்டோபரில் நியூயார்க்கிலிருந்து சிட்னிக்கு ஐம்பது பேர் வரை மட்டும் ஏற்றிச் சோதனையாகப் பறந்தபோதே 19 மணி 16 நிமிடம் ஆனது. லண்டனுக்கு 20 மணி நேரத்தைத் தாண்டும். சிட்னியும் லண்டனும் அமைந்திருக்கும் இடத்துக்கு, இரண்டு பக்கமும் காற்றை முதுகில் வாங்கும் யோகம் லேசில் கிடைக்காது. அதில் யாராவது எனக்கு டிக்கெட் எடுத்துக் கொடுத்தால், இருக்கையைப் பற்றிப் பிறகு பேசலாம், முதலில் கேட்பேன்: போகிற டிக்கெட்டா, வருகிற டிக்கெட்டா?